விழுவதற்கு முன்பே மக்கத் தொடங்கும் இலை

போன தை மாதம் தங்கமலைக் காட்டில் ஒரு இலையைப் பொறுக்கினேன். ஹப்புத்தளையில் அடிசம் பங்களாவைத் தாண்டி இதல்கசின்னப் பக்கமாகப் போகும் காட்டுப் பாதை அது. மழை விட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது, கால் வைத்த இடமெல்லாம் அட்டை, கூட வந்த உயர்தர வகுப்புப் பிள்ளைகள் சப்பாத்தைக் கழற்றி அட்டை பிடுங்கிக்கொண்டிருந்த நேரத்தில் கீழே பார்த்தபோது கண்ணில் பட்டது. நனைந்து கபில நிறமாகிப்போன ஒரு பெரிய இலை. அதன் நடுவில் மட்டும் சலவை செய்த மாதிரி வெள்ளைத் திட்டுகள். ஒவ்வொரு திட்டைச் சுற்றியும் மைப் பேனையால் கோடு போட்டது போல மெல்லிய கறுப்பு எல்லை.

"டீச்சர், இது வெயில்ல வெளுத்ததா?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். வெயிலே இறங்காத இடம் அது.

நான் பல வருடமாக உயிரியல் படிப்பிக்கிறேன். பிரிகையாக்கிகள் பற்றிய பாடத்தை எத்தனை தடவை நடத்தியிருப்பேன் என்று கணக்கில்லை. இலை காய்கிறது, விழுகிறது, பிறகு மண்ணிலிருக்கும் பங்கசுகளும் பற்றீரியாக்களும் வந்து அதை உக்க வைக்கின்றன, போசணை மண்ணுக்குத் திரும்புகிறது. கரும்பலகையில் அம்புக்குறி போட்டு இந்த ஒழுங்கில்தான் எழுதுவேன். அந்த ஒழுங்கில் ஒரு பிழை இருக்கிறது. இலையை உக்க வைக்கப் போகிறவர்களில் ஒரு பகுதியினர் வெளியிலிருந்து வருவதில்லை, இலை மரத்தில் பச்சையாக ஆடிக்கொண்டிருக்கும்போதே அதற்குள் குடியிருக்கிறார்கள்.

இதை நான் முதலில் கண்ணால் பார்த்தது கெம்பஸில். நோயே இல்லாத, பளபளவென்றிருந்த ஒரு முற்றின இலையைத் தோட்டத்திலிருந்து பறித்து வந்து, கழுவி, எதனோலில் முக்கி, பிறகு வெளுக்கும் திராவகத்தில் முக்கி, திரும்ப எதனோல், திரும்பக் கிருமி நீக்கிய தண்ணீர் என்று மேற்பரப்பில் ஒட்டியிருந்த எல்லாவற்றையும் கொன்றோம். கொன்றோமா என்று பார்க்க அந்த இலையைப் பங்கசு வளர்க்கும் ஒரு ஏகார் தட்டில் அழுத்தி எடுத்தோம், அதில் ஒன்றும் முளைக்கவில்லை. அப்புறம் அதே இலையைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி இன்னொரு தட்டில் வைத்தோம். நாலைந்து நாளில் வெட்டின ஓரங்களிலிருந்து பஞ்சு மாதிரி வெள்ளையாக, சாம்பல் நிறமாக, ஒன்றிரண்டு இளஞ்சிவப்பாக, பங்கசு வெளியே வந்துகொண்டிருந்தது. ஒரு இலையில் அத்தனை வகை. அன்றைக்கு நான் தட்டை மூடி வைக்க மனமில்லாமல் நின்றது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இவற்றை அகவாழ் பங்கசுகள் என்று சொல்லலாம். செடிக்குள் வாழும் இப்படிப்பட்டவற்றுக்கு ஜேர்மன் தாவரவியலாளர் அன்டன் டி பாரி 1866 இலேயே ஒரு பெயர் கொடுத்துவிட்டார், ஆனால் அவை எவ்வளவு இருக்கின்றன என்பது உலகத்துக்கு உறைக்க இன்னும் நூறு வருடத்துக்கு மேல் தேவைப்பட்டது. பனாமாவின் மழைக்காட்டில் எலிசபெத் ஆர்னல்டும் கூட இருந்தவர்களும் இரண்டே வகை மரங்களிலிருந்து 83 இலைகளை எடுத்துப் பார்த்து 2000 ஆம் ஆண்டு வெளியிட்ட கணக்கு இது: 83 இலையிலும் பங்கசு இருந்தது, தோற்றத்தை வைத்துப் பிரித்தால் 418 வகை, மரபணு வேறுபாட்டை வைத்து மதிப்பிட்டால் 347 இனம். பெரும்பாலானவை ஒரே ஒரு தடவைதான் கிடைத்தன, அதாவது இன்னும் தேடினால் இன்னும் வரும். நம்முடைய ஒரு மலையடிவாரத்தில் எத்தனை வகை மரம் நிற்கிறது என்று எண்ணிவிட்டு இந்தக் கணக்கைத் திரும்ப வாசித்துப் பாருங்கள்.

எப்படி உள்ளே போகின்றன? கொழுந்தாக விரியும்போது இலை அநேகமாகச் சுத்தமாக இருக்கிறது. மழையிலும் மூடுபனியிலும் காற்றிலும் வித்திகள், அதாவது பங்கசின் விதை மாதிரியான தூள், வந்து படிகின்றன, ஈரம் கிடைத்ததும் முளைத்து இலைவாய் வழியாகவோ தோலைத் துளைத்தோ உள்ளே இறங்குகின்றன. அதற்குப் பிறகு பெரிதாக ஒன்றும் செய்வதில்லை, அதுதான் என்னை வியக்க வைப்பது. அமெரிக்காவின் ஓரிகன் பக்கத்து டக்ளஸ் ஃபர் மரத்தின் ஊசியிலைகளுக்குள் ரப்டோக்ளைன் பார்க்கெரி என்று ஒரு பங்கசு வாழ்கிறது. அது ஊசியிலையின் மேற்தோலில் ஒரே ஒரு கலத்துக்குள் புகுந்துகொண்டு, பக்கத்துக் கலத்தைக்கூடத் தொடாமல், வருடக்கணக்கில் அப்படியே கிடக்கிறது. ஊசி முதிர்ந்து உதிரும் காலம் வந்ததும்தான் அங்கிருந்து பரவத் தொடங்குகிறது. எங்கள் ஊர் மலைகள் கிட்டத்தட்ட வருடம் முழுவதும் ஈரமும் பனியும், வித்திகளுக்கு இதைவிட நல்ல இடம் அமையாது.

சரி, இலை விழுந்ததும் என்ன நடக்கிறது என்பதற்கு வருகிறேன். விழுவதற்கு முன்பே மரம் தன்னால் முடிந்தளவு நைதரசனையும் பொசுபரசையும் இலையிலிருந்து திரும்ப உறிஞ்சி எடுத்துக்கொள்கிறது, அதனால்தான் பழுத்த இலை பச்சை இலையைவிடச் சத்துக் குறைந்தது. இலையின் எதிர்ப்பும் அந்த நேரம் ஓய்ந்துவிடுகிறது. பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடுவதற்கு முன்பே மலையில் போய் நிற்கும் ஆள் மாதிரி, உள்ளே இருந்த பங்கசு மண்ணிலிருந்து வேறு யாரும் வந்து சேரும் முன்பே வேலையைத் தொடங்கிவிடுகிறது. முதலில் கரைகிற சீனிகள், பிறகு செலுலோசு. தாய்லாந்தின் சியாங் மாய்ப் பக்கத்தில், எங்கள் காட்டுச் சண்பகத்தின் உறவுக்கார மரமான ஒரு மக்னோலியாவின் பச்சை இலைக்குள் இருந்த பங்கசுகளையும் அதே மரத்தின் உக்கிய இலையிலிருந்த பங்கசுகளையும் மரபணு மூலம் ஒப்பிட்டு 2007 இல் ஒரு ஆய்வு வந்தது. பல இடங்களில் இரண்டும் ஒரே ஆள்தான். உள்ளே குடியிருந்ததுதான் வேலையை மாற்றிக்கொண்டு உக்க வைக்கிறது.

ஆனால் எல்லாமே கெட்டிக்கார வேலைக்காரர்கள் இல்லை. பல அகவாழ் பங்கசுகள் மேலோட்டமானதைத் தின்றுவிட்டுச் சில வாரங்களில் பின்வாங்கிவிடுகின்றன, அவற்றின் இடத்தை மண்ணிலிருந்து ஏறி வரும் பங்கசுகள் பிடித்துக்கொள்கின்றன. சில பங்கசுகள் தாம் பிடித்த இடத்தை விடாமல் மற்றவர்களைத் தடுத்து, உக்குவதைத் தாமதப்படுத்துவதும் உண்டு. ஆகவே உள்ளே பங்கசு இருந்தால் இலை வேகமாக உக்கும் என்று ஒரு வரியில் முடித்துவிட முடியாது. யார் முதலில் இருந்தார் என்பதைப் பொறுத்து அடுத்து யார் வரலாம் என்பது மாறுகிறது.

அந்த வெள்ளைத் திட்டுக்கு வருவோம். இலை உக்குவதில் கடினமான பகுதி இலிக்னின். நரம்புகளுக்கும் கலச்சுவருக்கும் விறைப்புக் கொடுக்கும் பொருள் அது, அதை உடைக்கத் தேவையான நொதியங்கள் வெகு சிலரிடம்தான் இருக்கின்றன. மரக்கட்டையில் வளரும் வெண்ணழுகல் காளான்கள் அதில் கெட்டிக்காரர்கள். இலைக்குள் குடியிருப்போரில் சைலேரியா குடும்பத்தார் சிலருக்கும் அந்தத் திறமை இருக்கிறது. மழைக்காலத்தில் உக்கிய கட்டைகளில் சுண்டுவிரல் மாதிரி கறுப்பாக, கரி பூசினது போல நிற்குமே, அந்தக் குடும்பம்தான். இலையில் கபில நிறம் தரும் பொருட்களும் இலிக்னினும் போன இடத்தில் செலுலோசு மட்டும் மிஞ்சும், செலுலோசின் நிறம் வெள்ளை. கறுப்புக் கோடு அந்தப் பங்கசு பக்கத்துக்காரனுக்கு எதிராகப் போட்ட வேலி.

யப்பானில் தக்காஷி ஒசோனோவும் அவருடைய கூட்டாளிகளும் இந்த வெளுப்பை வருடக்கணக்கில் ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்கள் பார்த்த மரங்களில் ஒன்று கமேலியா ஜப்போனிக்கா. அதன் விழுந்த இலைகளில் வெள்ளைத் திட்டுகள் வருகின்றன, கொக்கோமைசிஸ், லொபோடெர்மியம் என்ற பங்கசுகளின் வேலை அது, அந்தத் திட்டுகளில் இலிக்னின் மற்றப் பகுதிகளைவிட வேகமாகக் குறைகிறது என்று கண்டார்கள். இதை வாசித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏனென்றால் நாங்கள் தலைமுறை தலைமுறையாகக் கிள்ளி வந்தது கமேலியா சைனென்சிஸ். அதே பேரினம். பூவுக்காக வளர்க்கும் அந்த யப்பான் மரத்தின் கூடப் பிறந்த தங்கச்சிதான் எங்கள் தேயிலை.

இலைப் பங்கசு என்றாலே மலையகத்தில் எல்லோருக்கும் நோய்தான் ஞாபகம் வரும், அதற்குக் காரணமும் இருக்கிறது. 1869 இல் மடுல்சீமையில் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் தூள் காணப்பட்டு, பேராதனைத் தோட்டத்திலிருந்து த்வெயிட்ஸ் அதை இங்கிலாந்துக்கு அனுப்ப, அங்கே பங்கசு ஆய்வாளர் பெர்க்லி அதற்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார், நாசகாரி என்று பொருள். 1880 இலிருந்து 1882 வரை தாவரவியலாளர் மார்ஷல் வார்ட் இங்கே தங்கி அதன் வாழ்க்கை வட்டத்தைக் கண்டுபிடித்தும் கோப்பியைக் காப்பாற்ற முடியவில்லை. கோப்பி இருந்தவரை எங்கள் மூதாதையர் பலர் அறுவடைக்கு வந்து போகிறவர்கள். தேயிலைக்கு வருடம் முழுக்க ஆள் வேண்டும் என்றானபோது குடும்பத்தோடு இங்கேயே தங்கினார்கள். லயத்தில் பிறந்த எங்களுடைய சரித்திரத்தில் ஒரு பங்கசுக்கு இருக்கும் பங்கை நான் வகுப்பில் சொல்லாமல் விடுவதில்லை. அப்புறம் 1946 இல் தேயிலைக்குக் கொப்புள நோய் வந்தது. எக்ஸோபசிடியம் வெக்சான்ஸ். கவ்வாத்து வெட்டி இளம் துளிர் வரும் மலைகளில் மழையும் மப்புமாக இருந்தால் அது படுத்தும் பாடு அப்பாவைக் கேட்டால் தெரியும், அவர் முப்பது வருடம் கவ்வாத்துக் கத்தி பிடித்தவர்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோப்பியின் அந்தத் துரு நோயும் தேயிலைக் கொப்புளமும் உயிருள்ள இலையில்தான் வாழ முடியும், இலை செத்தால் அவற்றுக்கும் சோறில்லை. சத்தம் போட்டு நம் கண்ணில் படுவது அவை. இலைக்குள் அமைதியாக இருந்து, விழுந்த பிறகு மண்ணாக்குகிறவை வேறு, அவற்றுக்கு ஊரில் பெயர்கூடக் கிடையாது. கொப்புளத்துக்கு அடிக்கும் செப்பு மருந்து இலையின் மேல் வந்து விழும் எந்த வித்தி என்று பார்த்துத் தெரிவு செய்வதில்லை. மருந்தே அடிக்கக்கூடாது என்று நான் சொல்ல மாட்டேன், கொழுந்து இல்லாத மாதம் அடுப்பு எப்படி எரியும் என்று தெரிந்த வீட்டில் பிறந்தவள். ஆனால் தேவைக்கு மேல் அடிக்கும் ஒவ்வொரு சுற்றும் இலையோடு நிற்காது, அந்த இலை விழும் மண் வரைக்கும் போகிறது என்பதைத் தோட்டத்தில் யாராவது கணக்கில் எடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

போன ஐப்பசியில் வீட்டுக்குப் பின்னால் ஒரு வேலை தொடங்கினேன். இலையை வலைப்பையில் போட்டு மண்ணில் வைத்து எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பது பழைய முறை, 1950களிலிருந்தே இங்கிலாந்தில் செய்திருக்கிறார்கள். என்னிடம் இருந்தது பெரிய வெங்காயம் வரும் சிவப்பு வலைப்பை. முள்முருங்கை இலை, எங்கள் மலையில் சவுக்கு என்று சொல்லும் சில்வர் ஓக் இலை, பைனஸ் ஊசி, அப்பா கொண்டுவந்து தந்த கவ்வாத்து மிலாறிலிருந்து, அதாவது வெட்டின குச்சிகளிலிருந்து, உருவின முற்றின தேயிலை இலை. நாலு வகை, ஒவ்வொன்றிலும் மூன்று பை, வேலியோரத்தில் சவுக்கு மரத்தடியில் கல் வைத்து அழுத்தினேன். அம்மா கூட்டும்போது அதைத் தொடக்கூடாது என்று சொல்லி வைத்தேன்.

முள்முருங்கை இரண்டு மாதத்தில் போயே போய்விட்டது, நரம்பு மட்டும் மீன் வலை மாதிரி மிச்சம். நைதரசன் நிறைந்த மெல்லிய இலை, இலிக்னின் குறைவு. தேயிலைக்கு நடுவில் அதை நட்டு, வெட்டிப் போட்டு உரமாக்கச் சொன்ன அந்தக் காலத்துக்காரர்கள் தெரிந்துதான் சொல்லியிருக்கிறார்கள். சவுக்கு இலை கறுத்தது, சுருண்டது, அடிப்பக்கத்து வெள்ளிப் பூச்சு மங்கியது, அவ்வளவுதான், தை மாதத்திலும் கையில் எடுத்தால் உருக்குலையாமல் வந்தது. பைனஸ் ஊசி வைத்தபடியே இருந்தது என்று சொல்லலாம். ஊவாவில் ஆடி ஆவணியில் கச்சான் காற்று அடிக்கும்போது பைனஸ் காடுகள் ஏன் அப்படிப் பற்றி எரிகின்றன என்பதற்கு அந்தப் பையைக் காட்டினால் போதும், பிள்ளைகள் உடனே பிடித்துக்கொண்டார்கள். உக்காமல் குவிந்து கிடக்கும் ஊசி, பிசின், காய்ந்த காற்று. காட்டு மரங்களின் கீழே அந்த அளவு குவிவதில்லை, அங்கே தின்ன ஆள் இருக்கிறது.

உயரம் போகப் போக அதுவும் மாறும். 2000 மீற்றருக்கு மேலே ஹோர்ட்டன் சமவெளிக் காட்டில் குளிரும் நனைந்த மண்ணும் சேர்ந்து எல்லோருடைய வேலையையும் மெதுவாக்கிவிடுகின்றன, கால் வைத்தால் மெத்தை மாதிரி அமுங்கும், கறுத்த மண். அந்த மெத்தை முழுக்கத் தேக்கி வைத்த காபனும் தண்ணீரும்தான், அதிலிருந்துதான் எங்கள் ஓடைகள் கோடையிலும் கசிகின்றன.

ஓடை என்றதும் இன்னொன்று. அருவிக்குக் கீழே கல்லிடுக்கில் வெள்ளை நுரை சேர்ந்து நிற்கும். மேலே யாரோ உடுப்புத் துவைக்கிறார்கள் என்று நினைப்போம். ஆளே இல்லாத காட்டோடையிலும் அது இருக்கும். அந்த நுரையில் ஒரு சொட்டை நுணுக்குக்காட்டியில் வைத்தால் நாலு முள் நீட்டிய நெருஞ்சி போன்ற வித்திகளைப் பார்க்கலாம், தண்ணீரில் விழுந்த இலையை உக்க வைக்கும் பங்கசுகளின் வித்தி. இங்கோல்ட் என்பவர் 1942 இல் இங்கிலாந்தில் ஒரு ஓடையில் கிடந்த இலைகளிலிருந்து அவற்றை விவரித்தார். நாலு முள் ஏன் என்றால், ஓடும் தண்ணீரில் எந்தப் பக்கம் புரண்டாலும் மூன்று முனை இலையில் ஊன்றிக்கொள்ளும். அந்தப் பங்கசு ஊறிய இலையைத்தான் ஓடைப் பூச்சிகள் விரும்பித் தின்கின்றன, அந்தப் பூச்சியை மீன் தின்கிறது. மாணவர்களோடு நாங்கள் பார்த்த முதல் சொட்டிலேயே இரண்டு வித்தி கிடைத்தது. ஒருவன் மத்தியானச் சாப்பாட்டையே மறந்துவிட்டான்.

2021 ஞாபகம் இருக்கும். மே மாதம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தி, நவம்பரில் திரும்ப அனுமதித்த அந்த ஆறு மாதத்தில் எல்லோர் வாயிலும் சேதனப் பசளை. தெரிந்தவர்கள் எல்லாம் என்னைக் கூப்பிட்டு, இலையைச் சீக்கிரம் உக்க வைக்க ஏதாவது மருந்து இருக்கிறதா என்று கேட்டார்கள். ஒரு மலை மண் தன் சத்தைச் சேர்க்கப் பல வருடம் எடுக்கும், அதை ஆறு மாதத்தில் செய் என்று இலையிடம் சொல்ல முடியாது. எங்கள் அப்பாயி லயத்துக்குப் பின்னால் போஞ்சியும் கரட்டும் போட்ட துண்டு நிலத்துக்கு, காட்டோரத்திலிருந்து கூடையில் உக்கின இலை கொண்டுவந்து கொட்டுவாள். பச்சையாகக் கிடப்பதை எடுக்க மாட்டாள், முழுக்கக் கறுத்ததையும் எடுக்க மாட்டாள். வெள்ளை நூல் ஓடியிருப்பதாகப் பார்த்து, மோந்து பார்த்து எடுப்பாள். அது மழை விழுந்த மண் மாதிரி மணக்கும். மண்ணுக்கு ஆள் சேர்க்கிறேன் என்பாள். நான் பட்டம் வாங்கி வந்த பிறகுதான் அவள் எந்த ஆளைச் சொன்னாள் என்று விளங்கியது. அப்போது அவள் இல்லை.

எங்கள் பாடசாலைகளிலும் வீடுகளிலும் காலையில் முற்றம் கூட்டி, இலையைக் குவித்து, நெருப்பு வைக்கிறோம். சுத்தம் என்று பிள்ளைக்குப் பழக்குகிறோம். எனக்கு அந்தப் புகையைப் பார்த்தால் இப்போது மனம் பொறுக்கவில்லை. இலை மட்டுமா எரிகிறது, வித்தி வந்து, உள்ளே போய், மாதக்கணக்கில் காத்திருந்து, வேலை தொடங்கும் நாளன்று எரிகிறது. எங்கள் வகுப்பில் இந்தத் தவணையிலிருந்து மதிலோரத்தில் ஒரு குழி தோண்டிக் கூட்டுகிற இலையை அதில் போடுகிறோம். அம்மாவும் நெருப்பு வைப்பதை நிறுத்தியிருக்கிறா. பாம்பு வரும் என்ற கவலை மட்டும் அவவுக்கு இன்னும் போகவில்லை, அதற்காக இலையை வீட்டுச் சுவரிலிருந்து தள்ளிப் பலா மரத்தடியில் கொட்டுகிறோம்.

போன ஞாயிற்றுக்கிழமை தேயிலைப் பை ஒன்றைப் பிரித்தேன். பெரும்பாலான இலைகள் கறுப்பும் கபிலமுமாக ஒட்டிக்கிடந்தன, தேயிலைச் சாயம் விரலில் பிடித்தது. ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்துக்கொண்டே போனேன். பதினோராவதோ பன்னிரண்டாவதோ இலையில், நடு நரம்பை ஒட்டி, நகத்தளவு ஒரு வெளிறின திட்டு இருந்தது. விளிம்பில் கோடு. வெளிச்சத்துக்குப் பிடித்தால் அந்த இடம் மட்டும் கடதாசி மாதிரி ஊடே தெரிந்தது.

அப்பாவிடம் ஓடிப்போய்க் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இதுவா புள்ள? கவ்வாத்து மலையில மழைக்குப் பொறவு நெறயக் கெடக்கும். கால்ல ஒட்டும்."

"அப்பயே சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கேக்கலையே. இத ஏன் வீட்டுக்குள்ள கொண்டாந்து காய வைக்கிற? இருந்த எடத்துல போடு, அது இன்னும் முடிக்கல."

ஒரு இலையை மட்டும் பிள்ளைகளுக்குக் காட்டக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டு, மற்றதைப் பையோடு கொண்டுபோய்ச் சவுக்கு மரத்தடியில் அதே கல்லின் கீழ் வைத்தேன்.